கொயர் ஸ்கோரில் வரும் இத்தாலியச் சொற்களை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கொயரில், அதாவது பலர் சேர்ந்து பாடும் குழுவில், புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஹாண்டலின் ‘மெசையா’விலிருந்து மூன்று கோரஸ்களும் (குழு முழுதும் சேர்ந்து பாடும் பகுதிகள்), மொசார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ பாடலும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கோர், அதாவது இசை எழுதிய தாள், முழுக்க இத்தாலியச் சொற்கள். கர்நாடக சங்கீதம் சில வருடம் கற்ற பழக்கம் உண்டு. ‘எல்லாவற்றுக்கும் அர்த்தம் போட்டு ஒரு பட்டியல் தாருங்கள், மனப்பாடம் செய்துவிடுகிறேன்’ என்கிறீர்கள். பட்டியல் தேடினால் எங்கும் கிடைக்கும். ஆனால் அதற்குக் கீழே ‘அர்த்தம் தெரிந்த சொல் வந்தாலும் குரலில் என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான். அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் பல வருடங்களாக பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன், சிறிய கொயர்களைப் பயிற்றுவித்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில சொற்கள் கட்டளை மாதிரி. அவற்றுக்கு ஒரே அர்த்தம், யார் எழுதினாலும் அதுதான். மற்றவை அந்தந்தக் காலத்தையும், எழுதியவரையும், அச்சிட்டவரையும் பொறுத்து மாறக்கூடியவை. முதல் வகையை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவது வகையை மனப்பாடம் செய்தால் தவறாகத்தான் பாடுவீர்கள். அவற்றைப் பாட்டோடு சேர்த்துப் பழக வேண்டும்.

உறுதியானதை முதலில் முடித்துவிடலாம். ‘டிவிசி’ என்றால் உங்கள் பார்ட், அதாவது உங்கள் குரல் வரி, இரண்டாகப் பிரிகிறது, நீங்கள் மேல் வரியா கீழ் வரியா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘யூனிசன்’ என்று வந்தால் மறுபடி ஒன்றாகச் சேர்கிறீர்கள். ‘டுட்டி’ என்றால் எல்லோரும். ‘டாசெட்’ என்றால் அந்தப் பகுதியில் உங்களுக்கு வேலை இல்லை. ‘டா காப்போ’ வந்தால் முதலிலிருந்து, ‘டால் சேன்யோ’ வந்தால் அந்த வளைந்த குறியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, ‘ஃபீனே’ என்ற இடத்தில் முடிக்க வேண்டும். அதை ஆங்கிலச் சொல்லாக நினைத்து ‘ஃபைன்’ என்று படிப்பவர்கள் உண்டு. முடிவு என்றுதான் அர்த்தம். ‘அட்டாக்கா’ என்றால் இடைவெளி விடாமல் அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும். ‘ஆ காப்பெல்லா’ என்றால் இன்றைக்கு வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும். 16-ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களில் எப்போதும் அப்படித்தான் பாடினார்களா என்றால், இல்லை. ஆர்கனும் ஊதுகருவிகளும் குரலோடு சேர்ந்து ஒலித்த இடங்கள் நிறைய. ஆனால் உங்கள் ஸ்கோரில் அந்தச் சொல் வந்தால் சந்தேகமே வேண்டாம், துணைக்கு யாரும் வாசிக்கப் போவதில்லை.

பட்டியல்களில் கடைசியில் தள்ளிவிடும் சின்னச் சொற்கள் சில இருக்கின்றன. என்னைக் கேட்டால் பெரிய சொற்களை விட அவைதான் முக்கியம். ‘பியூ’ என்றால் இன்னும் அதிகமாக. ‘மேனோ’ என்றால் குறைத்து. ‘போக்கோ’ என்றால் கொஞ்சம். ‘போக்கோ ஆ போக்கோ’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. ‘மோல்ட்டோ’ என்றால் நிறைய. ‘மா நோன் ட்ரோப்போ’ என்றால் ‘ஆனால் ரொம்ப வேண்டாம்’. ‘சென்ட்சா’ என்றால் இல்லாமல், ‘கோன்’ என்றால் உடன், ‘சூபிட்டோ’ என்றால் சட்டென்று. பியூவையும் போக்கோவையும் குழப்பிக்கொள்வது எல்லாக் கொயரிலும் நடக்கிறது. ‘பியூ மோஸ்ஸோ’ என்று இருந்தால் இன்னும் வேகமாகப் போக வேண்டும். ‘கொஞ்சம்’ என்று நினைத்து அப்படியே இருந்துவிடுவார்கள். இந்தச் சின்னச் சொற்கள் கைவசம் இருந்தால், முன்பின் பார்த்திராத ஒரு குறிப்பைக்கூடப் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம்.

அடுத்தது ஒலியின் அளவு. ‘பியானோ’ என்றால் சத்தம் குறைத்து, ‘ஃபோர்ட்டே’ என்றால் சத்தமாக, ‘மெட்சோ’ சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ் பேசும் கொயர்களில் இங்கே ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ‘மெதுவா’ என்ற ஒரே சொல்லைத்தான் சத்தத்துக்கும் வேகத்துக்கும் சொல்கிறோம். ‘இந்த இடத்தில் மெதுவாகப் பாடுங்கள்’ என்று பயிற்சியாளர் சொன்னால் பாதிப் பேர் சத்தத்தைக் குறைப்பார்கள், பாதிப் பேர் வேகத்தையும் சேர்த்துக் குறைப்பார்கள். பியானோவுக்கும் வேகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சத்தத்தைக் குறைக்கும்போதுதான் காலப்பிரமாணத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மெய்யெழுத்துகளை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒரு வார்த்தை கேட்காது.

‘கிரெஷெண்டோ’ பற்றி ஒன்று. படிப்படியாகச் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பது அர்த்தம். அந்தச் சொல் அச்சிட்டிருக்கும் இடத்தில் நீங்கள் இன்னும் மெல்லிய குரலில்தான் இருக்க வேண்டும். சொல்லைக் கண்டதும் குரலைத் திறந்துவிட்டால் நாலு பார் (ஸ்கோரில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டம்) தள்ளி வர வேண்டிய உச்சத்துக்கு எதுவும் மிச்சம் இருக்காது. அது எங்கே போய் முடிகிறது என்பதை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இறங்குவதற்கு ‘டிமினுவெண்டோ’, ‘டெக்ரெஷெண்டோ’ என்று இரண்டு சொற்கள் உண்டு. உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஷூபர்ட் ‘டிமினுவெண்டோ’ எழுதினால் வேகமும் சற்றுத் தளர வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முடிவாகாத விவாதம்.

ஒலி அளவில் இன்னொரு கேள்வி, குறியை யார் போட்டார் என்பது. ‘மெசையா’ 1741-ல் எழுதப்பட்டு 1742 ஏப்ரலில் டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியது. அந்தக் காலத்தில் இசையமைத்தவரே முன்னால் உட்கார்ந்து நடத்துவார். எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டிய தேவை இல்லை. ஹாண்டலின் கையெழுத்துப் பிரதியில் இந்தக் குறிகள் மிகக் குறைவு. உங்கள் ஸ்கோரில் வரிக்கு வரி கிரெஷெண்டோ இருக்கிறது என்றால் அவற்றில் பெரும்பாலானவை பின்னால் வந்த பதிப்பாசிரியரின் கருத்து. 1902-ல் எபனேசர் பிரவுட் தயாரித்த பதிப்பு அப்படித்தான் நிறைய சேர்த்தது, நீண்ட காலம் கொயர்களில் அதுதான் பரவலாகப் புழங்கியது. நல்ல பதிப்புகளில் சேர்த்ததை அடைப்புக்குறியிலோ சின்ன எழுத்திலோ காட்டியிருப்பார்கள். சேர்த்தது என்பதால் அது தப்பு என்று அர்த்தமில்லை. உங்கள் கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர், வேறு மாதிரி கேட்டால் ‘ஸ்கோரில் இப்படி இருக்கிறதே’ என்று தயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர் பக்கம் ‘ஆவே வேரும்’. மொசார்ட் 1791 ஜூனில், இறப்பதற்கு சில மாதங்களுக்கு முன், பாடன் ஊரில் கொயர் நடத்திய நண்பர் ஆன்டன் ஷ்டோலுக்காக எழுதியது. மொத்தம் 46 பார்தான். அவர் கையெழுத்தில் ஒலி அளவுக்கு இருக்கும் ஒரே குறிப்பு, ஆரம்பத்தில் வரும் ‘சோட்டோ வோச்சே’. அடக்கிய குரலில் என்று பொருள். இதை வெறும் ‘பியானோ’வாக எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். பியானோ அளவைச் சொல்கிறது, இது குரலின் தன்மையைச் சொல்கிறது. மூச்சு முழுதாக இருக்க வேண்டும், ஆனால் குரலை முன்னே தள்ளக் கூடாது. காற்றுக் கலந்த கிசுகிசுப்பாகவும் ஆகிவிடக் கூடாது, அப்படியானால் சுருதி இறங்கிவிடும். அந்த ஒரே குறிப்போடு மொசார்ட் விட்டுவிட்டார் என்றால், மற்ற ஏற்ற இறக்கங்களை மெட்டின் போக்கே சொல்லும் என்று நம்பியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வரி மேலே ஏறும் இடத்தில் குரல் தானாக மலரும், இறங்கும் இடத்தில் தானாக அடங்கும். அதற்கு மேல் எதையும் சேர்க்காமல் ஒருமுறை பாடிப் பாருங்கள்.

இப்போது வேகச் சொற்கள். உங்கள் குழப்பத்தின் மையம் இதுதான், இங்கே கர்நாடக சங்கீதப் பழக்கம் கொஞ்சம் தடையாகவும் வரும். நமக்கு ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்றால் அது கணக்கு. தாளம் அப்படியே இருக்க, சுவரங்கள் சரியாக இரண்டு மடங்கு, நாலு மடங்கு ஆகும். அந்தப் பழக்கத்தில் ‘லார்கோ, அடாஜியோ, அந்தாந்தே, அலெக்ரோ, பிரெஸ்டோ’ என்று பட்டியலைப் பார்த்தால் அதுவும் ஒரு ஏணி என்றே தோன்றும். அப்படி இல்லை. இவற்றில் ‘பிரெஸ்டோ’ மட்டும்தான் நேரடியாக வேகத்தைச் சொல்கிறது. ‘அலெக்ரோ’ உற்சாகமாக, ‘லார்கோ’ அகலமாக, ‘கிராவே’ கனமாக, ‘அந்தாந்தே’ நடந்து செல்வதாக. முதலில் அவை பாட்டின் குணத்தைச் சொன்ன சொற்கள். அந்தக் குணத்துக்கு ஏற்ற வேகத்தைப் பாடுகிறவர் கண்டுகொள்வார் என்பது ஏற்பாடு.

உங்கள் ஸ்கோரிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ என்ற வேதாகமத்து ஏசாயாவின் வசனத்துக்கு அமைந்த கோரஸின் தலையில் ‘அந்தாந்தே அலெக்ரோ’ என்று போட்டிருக்கும். இரண்டும் வேக எண்கள் என்று வைத்தால் இது முரண்பாடு, எதைப் பாடுவது? குணம் என்று வைத்தால் தெளிவாக இருக்கிறது: நடை தடுமாறாமல் சீராகப் போகட்டும், மனம் மகிழ்ச்சியாக இருக்கட்டும். இதில் இன்னொரு விஷயமும் தெரிந்திருந்தால் உதவும். இந்தக் கோரஸின் மெட்டை ஹாண்டல் அதே 1741 கோடையில் இரண்டு தனிக்குரல்களுக்காக எழுதிய ஓர் இத்தாலிய டூயட்டிலிருந்து எடுத்தார். அது காதல் பாட்டு, இரண்டே பேர் பாடுவது. அதனால்தான் அந்த நீண்ட ஓட்டங்கள் இறகு போல லேசாக இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். நாலு குரலும் ஒன்றாகக் கூடும் ‘வொண்டர்ஃபுல்’ என்ற இடத்துக்குக் கனத்தைச் சேமித்து வையுங்கள்.

பிறகு காலம் மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஹாண்டலைப் பாடினார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் வேகமாகப் பாட முடியாது. பழைய பதிப்புகளில் அச்சிட்டிருக்கும் மெட்ரனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக் காட்டும் கருவி) எண்களைப் பார்க்கும்போது அந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாண்டல் அந்த எண்களைப் போட்டிருக்கவே முடியாது. மெல்ட்சல் மெட்ரனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-ல், ஹாண்டல் இறந்தது 1759-ல். மெட்ரனோமிலோ போன் செயலியிலோ ‘அந்தாந்தே இத்தனை முதல் இத்தனை வரை’ என்று இருப்பதும் பிற்காலத்து வசதி. பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மெதுவான சொற்களில் நிச்சயமின்மை இன்னும் அதிகம். அடாஜியோ மெதுவா, லார்கோ மெதுவா என்று கேட்டிருந்தீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இசை நூல்களே இதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் லார்கோவைக் கடைசியில் வைப்பார், இன்னொருவர் அடாஜியோவை வைப்பார். ‘அந்தாந்தினோ’ அதைவிட மோசம். அந்தாந்தேயை விடக் கொஞ்சம் வேகமா, கொஞ்சம் மெதுவா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எடின்பரோவிலிருந்து ஜார்ஜ் தாம்சன் அனுப்பிய நாட்டுப்பாடல்களுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்த பேத்தோவனே, 1813-ல் அவருக்குக் கடிதம் எழுதி, அந்தாந்தினோ என்று போட்டால் எந்தப் பக்கம் என்று குறிப்பிடும்படி கேட்டார். அவருக்கே சந்தேகம் வந்த இடத்தில் நமக்கு வருவது இயல்பு.

வேகச் சொல்லைத் தனியாகப் படிக்கவே கூடாது என்பதற்கு ‘ஆவே வேரும்’ நல்ல பாடம். மேலே ‘அடாஜியோ’ என்று இருக்கும். பக்கத்தில் தாளக்குறியைப் பாருங்கள். நடுவே ஒரு கோடு கிழித்த அரைவட்டம் இருக்கும். அதற்கு ‘அல்லா பிரேவே’ என்று பெயர். ஒரு பாருக்கு நாலு தட்டு இல்லை, இரண்டே தட்டு. அடாஜியோ என்ற சொல்லை மட்டும் பார்த்து நாலு தட்டாக எண்ணினால் பாட்டு ஊர்ந்து போகும், முதல் வரியிலேயே மூச்சு அறுந்துவிடும். இரண்டு நிதானமான தட்டாக எண்ணினால் அதே வரி ஒரே மூச்சில் சுகமாக உட்காரும். பாட்டு முழுக்க மூன்று நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். ‘இந்தப் பாட்டில் மூச்சு போதவில்லை’ என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை தட்டாக எண்ணுகிறீர்கள் என்றுதான்.

வேகம் மாறும் இடங்கள். ‘ராலெண்டாண்டோ’, ‘ரிட்டார்டாண்டோ’ இரண்டும் படிப்படியாக வேகம் குறைவது. ‘ரிட்டெனூட்டோ’ என்றால் அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துவது. இப்படித்தான் பாடநூல் சொல்லும், ஆனால் ‘ரிட்’ என்று மட்டும் சுருக்கி அச்சிட்டிருந்தால் இரண்டில் எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண்டக்டரின் கையைத்தான் பார்க்க வேண்டும். ‘ஆ டெம்போ’ என்றால் பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். தளர்ந்தவர்கள் தளர்ந்தபடியே போய்விடுவதால் இந்தச் சொல்லைத்தான் நான் பென்சிலில் பெரிதாக வட்டமிடச் சொல்வேன். புள்ளிக்கு மேல் வளைவு போட்ட ‘ஃபெர்மாட்டா’ குறிக்கு இத்தனை எண்ணிக்கை என்று கணக்கு இல்லை. கை வெட்டும் வரை நிற்க வேண்டும். ஆனால் இசையமைப்பாளர் பாக்கின் கோரால்களில் (தேவாலயக் கீர்த்தனைகள்) அதே குறி பெரும்பாலும் வரி முடிவைக் காட்டத்தான் வருகிறது, அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் முதல் கோரஸ் ‘அண்ட் த குளோரி’யின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அதுவரை ஓடிவந்த அலெக்ரோ சட்டென்று நின்று ஒரு மௌனம் வரும், பிறகு ‘அடாஜியோ’ என்ற சொல்லோடு கடைசி வரி அகலமாக வரும். அந்த மௌனத்தில் யாராவது ஒருவர் தனியாகக் குதித்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. அங்கே சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் போதாது. அந்த ஒரு வரி மட்டும் ஸ்கோரைப் பார்க்காமல் பாடும்படி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

குரலோடு நேரடியாகத் தொடர்புள்ள குறிகளில் வளைகோடு ஒன்று. வாத்திய ஸ்கோரில் அதற்கு ‘லெகாட்டோ’வாக, ஒட்டி வாசி என்று பொருள். குரல் ஸ்கோரில் பெரும்பாலும் ஒரே அசை அத்தனை சுவரத்துக்கும் நீள்கிறது என்பதைக் காட்டத்தான் போடுவார்கள். ‘பாலகன்’ கோரஸில் ‘பார்ன்’ (பிறந்தார்) என்ற ஒரே அசையில் நீளும் ஓட்டத்துக்கு ‘மெலிஸ்மா’ என்று பெயர். அகாரம் பாடிப் பழகிய உங்களுக்கு இது எளிதாக வரும், கொயரில் பலருக்கு இல்லாத வசதி. ஆனால் கமகம் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுவரமும் அசையாமல் அதன் இடத்தில் நின்றால்தான் பக்கத்தில் இருப்பவர் குரலோடு கலக்கும். தெளிவுக்காக ஒவ்வொரு சுவரத்துக்கும் முன்னால் லேசாக ‘ஹ’ சேர்ப்பதை சில கண்டக்டர்கள் கேட்பார்கள், சிலர் கண்டிப்பார்கள். இரண்டு தரப்பிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கண்டக்டர் சொல்வதே சட்டம்.

சுருதி விஷயமும் அப்படித்தான். கர்நாடக சங்கீதத்தில் உங்கள் கட்டையை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். இங்கே அது பாட்டோடு வருகிறது: ‘ஆவே வேரும்’ டி மேஜர், ‘பாலகன்’ கோரஸ் ஜி மேஜர். ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் முறை) கஷ்டமாக இருந்தால் கொயரில் மூத்தவர்களிடம் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தால் எழுதும் முறை) கற்றுக்கொள்ளுங்கள். அதில் ‘டோ’ நம் ஷட்ஜம் போலவே பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும், உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

வடிவப் பெயர்களை அவசரமில்லாமல் தெரிந்துகொள்ளலாம். ‘ஓரட்டோரியோ’ என்றால் வேடமும் நடிப்பும் இல்லாமல் பாடப்படும் நீண்ட படைப்பு, பெரும்பாலும் வேதாகமக் கதை. ‘ரெசிட்டட்டிவ்’ பேச்சுநடையில் பாடுவது, ‘ஆரியா’ தனிப்பாட்டு. ‘மோட்டெட்’ என்ற பெயர் 13-ஆம் நூற்றாண்டில் ஒன்றையும் பாக் காலத்தில் வேறொன்றையும் குறித்தது, ஒரே வரியில் யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம். ‘ஆவே வேரும்’ பக்கத்தில் வரும் ‘கே 618’ என்பது 1862-ல் கோஷெல் வெளியிட்ட மொசார்ட் பட்டியலிலிருந்து வந்த எண். வாடகைக்கு ஸ்கோர் எடுக்கும்போதும் யூடியூபில் தேடும்போதும் உதவும்.

இவ்வளவும் இத்தாலியச் சொற்கள் பற்றித்தான். பிராம்ஸ், ஷூமான் ஸ்கோர்களில் ஜெர்மன் குறிப்புகள் வரும், டெபுஸ்ஸியில் பிரெஞ்சு வரும். அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு, ஓபரா பாடியதும் இல்லை. அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் கீழே எழுதினால் நானும் கற்றுக்கொள்வேன்.

கடைசியாக ‘குளோரி டு காட்’ கோரஸில் டிரம்பெட் வரியில் இருக்கும் ‘டா லொன்டானோ ஏ ஊன் போக்கோ பியானோ’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். தூரத்திலிருந்து, கொஞ்சம் சத்தம் குறைத்து என்று அர்த்தம். மெசையாவில் டிரம்பெட் முதன்முதலாக நுழையும் இடம் அது. மேய்ப்பர்களுக்கு வானத்தில் தேவதூதர்கள் தோன்றுகிறார்கள், அந்தத் தூரம் ஒலியில் கேட்க வேண்டும். குறிப்பு உங்கள் வரியில் இல்லை என்றாலும் உங்களுக்கும் அது பொருந்தும், முதல் சுவரத்திலேயே கத்த வேண்டாம். உங்கள் கொயரில் ஆர்கன் மட்டும் என்றால் ஆர்கன் வாசிப்பவரிடம் அந்த வரியைக் காட்டி, எந்த ஒலியில் வாசிக்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் நாலு பாட்டிலும் உள்ள சொற்களுக்கு மேல் பென்சிலில் தமிழில் ஓரிரு வார்த்தை எழுதி வையுங்கள். ஸ்கோரின் அட்டையில் பதிப்பாசிரியர் பெயர் என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதினால், அதில் எந்தக் குறிகள் சேர்க்கப்பட்டவை என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.